யாழ் நரம்பும் சில்லிசைப் பெட்டியும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் கூறுதல் தமிழ் மரபு. இந்நான்கினும் ஏதேனும் ஒரு பொருள் அதிர்தலினாலேயே ஒலி பிறக்கின்றது. முழவிலே தோல் அதிர்கின்றது. குழலிலே வளி அதிர்கின்றது. யாழிலே நரம்பு அதிர்கின்றது. தாளத்திலே வெண்கலம் அதிர்கின்றது. சென்ற நூற்றாண்டிலே இந்நான்கினுள்ளும் அடங்காத ஐந்தாம் வகையொன்று தோன்றியது. அதன்கண் முதலில் அதிர்வது மின்னோட்டம். அவ்வதிர்வை ஒலிபெருக்கி வளியதிர்வாக மாற்றி நம் செவிக்கு அளிக்கின்றது.

இவ்வைந்தாம் வகையுள் பெரும்பொருள் கொடுத்து வாங்கவேண்டியன பல. ஆயின் வீட்டு மூலையிலும் அலுமாரியின் அடித்தட்டிலும் பயனற்றுக் கிடக்கும் பழைய விளையாட்டுப் பெட்டிகளைக் கொண்டு நாமே அமைத்துக்கொள்ளத்தக்க கருவியும் ஒன்று உண்டு. அதனை அமைக்கும் முறையை எடுத்துரைப்பதும், அதன் உள்ளே இயங்கும் கணக்கு நம் முன்னோர் யாழுக்கு நரம்பு அளந்த கணக்கே என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

சில்லிசை யாது?

பொத்துவில் தொடங்கிக் கல்முனை வரையுள்ள நம் கரையோர ஊர்களிலே, தொழிலின் பொருட்டு வெளிநாடு சென்று மீண்டோர் கொண்டுவந்த பொருள்களுள் ‘ரீவி கேம்’ என்று சிறுவர் அழைத்த பெட்டியும் ஒன்று. அதனைத் தொலைக்காட்சியோடு இணைத்து, ‘கசெற்’ எனப் பெயர் வழங்கினும் நாடா ஏதும் இல்லாத சிறு பேழையை மேலே செருகி விளையாடினர். இன்று முப்பது, நாற்பது வயதினராயுள்ள பழைய மாணவர் பலர் அதனை மறந்திரார்.

அப்பெட்டிகளுட் பெரும்பாலன யப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள் விற்பனைக்கு விட்ட ‘பமிகொம்’ என்னும் பெட்டியைப் பார்த்துப் பிறர் செய்த போலிகள். அந்நிறுவனமே 1989ஆம் ஆண்டிலே கையடக்கமான ‘கேம்போய்’ என்னும் பெட்டியையும் வெளியிட்டது. கேம்போயும் அதன் வண்ணத்திரைப் பதிப்பும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின.

இப்பெட்டிகளில் இசை பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை; பதிந்து வைக்க இடமும் இல்லை. ஆதலின், எந்தக் கணத்தில் எந்தச் சுரம் ஒலிக்கவேண்டும் என்னும் கட்டளைகளை மாத்திரம் எழுதிவைத்தனர். பெட்டியினுள் இருந்த சிலிக்கன் சில்லு அக்கட்டளைகளைப் படித்து அவ்வப்போதே ஒலியை ஆக்கிற்று. அஃதாவது, ஒவ்வொரு விளையாட்டுப் பெட்டியும் தன்னுள்ளே ஓர் இசைக்கருவியை மறைத்து வைத்திருந்தது. விளையாட்டை நீக்கிவிட்டு அக்கருவியை மட்டும் வெளிக்கொணர்ந்து இசைப்பதையே மேனாட்டார் ‘சிப்டியூன்’ என்பர். சில்லிலிருந்து பிறத்தலின் நாம் அதனைச் சில்லிசை எனலாம்.

இக்கலையை வளர்த்தோர் பெரும்பாலும் தனிமனிதரே. ஜேர்மனியைச் சேர்ந்த ஒலிவர் விட்சோவ் 1998இல் ‘நானோலூப்’ என்னும் செய்நிரலையும், சுவீடனைச் சேர்ந்த யோகான் கொட்லின்ஸ்கி 2000ஆம் ஆண்டிலே ‘லிட்டில் சவுண்ட் டீஜே’ என்னும் செய்நிரலையும் கேம்போயின் பொருட்டு எழுதினர். அவற்றைக் கசெற்றில் ஏற்றிச் செருகினால், அம்பு அடையாளமிட்ட பொத்தான்களைக் கொண்டே பாடல் இயற்றலாம். பமிகொம் பெட்டியின் இசையைக் கணினியில் இருந்து இயற்றுதற்கு ‘பமிட்ராக்கர்’ என்னும் செய்நிரல் உளது.

மின்கருவியை நம் இசைக்கு இசைவித்தல் இந்நாட்டவர்க்கும் அயலவர்க்கும் புதிதன்று. பெங்களூரிலே புல்லாங்குழற் கலைஞரும் பொறியியலாளருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டிகளை ஆக்கினார். அவை இன்று கச்சேரி மேடைகளிற் சாதாரணமாகிவிட்டன. பம்பாய்க் கலைஞரான சரண்ஜித் சிங் 1982இலே யப்பானிய மின்னிசைக் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை ஒலிப்பதிவு செய்தார். அவர் பயன்படுத்திய கருவியொன்று ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஆற்றல் உடையதாயிருந்தமை இராகத்துக்குப் பெரிதும் துணைசெய்தது.

சில்லின் குரல்கள்

பமிகொம் சில்லுக்கு ஐந்து குரல்கள் உள. அவற்றுள் இரண்டு துடிப்புக் குரல்கள். மின்னோட்டம் மேலும் கீழுமாகச் சட்டென மாறி மாறித் துடித்தலினால் இவை பிறக்கின்றன. ஒரு துடிப்பில் மேனிலையில் நிற்கும் நேரம் எட்டில் ஒன்றாயின் ஒலி மெலிந்து மூக்கொலிபோற் கேட்கும். பாதியாயின் உள்ளீடற்ற குழலொலிபோற் கேட்கும். மூன்றாவது முக்கோணக் குரல்; தண்மையானது, தாழ்ந்த சுரங்களுக்கு ஏற்றது. ஆயின் அதன் வன்மையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஒலிக்கும், அன்றேல் நிற்கும். நான்காவது இரைச்சற் குரல். ஐந்தாவது, முன்பே பதிந்த குறுகிய ஒலித்துண்டை மீட்டுத் தருவது.

கேம்போய்க்கு நான்கு குரல்கள். இரண்டு துடிப்பு, ஒன்று இரைச்சல், எஞ்சிய ஒன்று அலைக்குரல். இவ்வலைக்குரலின் ஒலியுருவத்தை 32 புள்ளிகளில் நாமே வரைந்து கொடுக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்களுள் ஒன்றைத் தெரிந்து கொள்ளலாம். நாகசுரத்தின் சாயலோ வீணையின் சாயலோ முழுவதும் அமையாதெனினும், புள்ளிகளை மாற்ற மாற்றக் குரல் மாறுவதைக் கேட்டறிதல் மாணவர்க்கு அரிய பாடமாகும்.

இரைச்சற் குரலை இழிவாக எண்ணலாகாது. அதனை நீள ஒலித்தால் அறுகம் குடாவின் அலையோசை போலும். நொடிப்பொழுதில் அடக்கினால் தோலில் விரல்பட்ட ஒலி போலும். நம் பகுதியிலே பக்கீர்மார் பாட்டோடு தட்டும் றபானின் நடையையும், களிகம்பு ஆட்டத்தின் கோலொலியையும், வசந்தன் கூத்தின் தாளக்கட்டையும் இவ்வொரு குரலாலேயே ஓரளவு காட்டலாம்.

நரம்பளவும் எண்ணளவும்

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். கேம்போயின் கடிகாரம் செக்கனுக்கு 4,194,304 முறை துடிக்கின்றது. துடிப்புக் குரலின் பொருட்டு அதனை 32ஆல் வகுத்து 131,072 ஆக்குகின்றனர். இந்த 131,072ஐ நாம் கொடுக்கும் ஓர் எண்ணால் வகுக்கக் கிடைப்பதே செக்கனுக்கு எழும் அதிர்வுகளின் தொகை. 298 என்னும் எண்ணைக் கொடுத்தால் 439.8 அதிர்வுகள் எழும். அது மேனாட்டார் சுருதிக்கு அளவாகக் கொண்ட 440ஐ அடுத்தது. கொடுக்கும் எண் பெருகச் சுருதி தாழும். எண் சிறுகச் சுருதி உயரும். எண்ணைப் பாதியாக்கினால் அடுத்த மேற்றாயிச் சுரம் தோன்றும்.

இவ்விதி எங்கோ கேட்டதுபோல் தோன்றுகின்றதன்றோ? இதுவே யாழ் நரம்பின் விதி. ஒரே பருமனும் ஒரே இழுவிசையும் உடைய நரம்புகளுள் நீண்டது தாழ்ந்தொலிக்கும், குறுகியது உயர்ந்தொலிக்கும், பாதி நீளமுடையது மேற்றாயியில் ஒலிக்கும். வீணையிலே ஒரே தந்தியின் மீது மெட்டுக்களை வைத்து நீளத்தைக் குறைக்கின்றோம். வில்யாழிலோ மெட்டு இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி நரம்பு, தனித்தனி அளவு. சில்லும் அவ்வாறே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வோர் எண்ணைக் கேட்கின்றது. எனவே சில்லிசைப் பெட்டி வீணையின் இனமன்று. யாழின் இனமே எனல் பொருந்தும்.

நம் மாவட்டத்துக் காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் இக்கணக்கின் பெருமையை உலகறியச் செய்தவர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அவர், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். வழக்கொழிந்து உருவமும் மறைந்துபோன யாழ்களின் அமைப்பை மீட்டுக் கூறினார். அவ்வாராய்ச்சியாகிய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நரம்பின் நீளத்துக்கும் சுரத்தின் உயர்ச்சிக்கும் உள்ள விகிதத்தை அந்நூல் வழியாகக் கற்ற ஒருவருக்குச் சில்லின் எண்கள் புதியன அல்ல.

இனி ஒரு யாழைச் சில்லிலே கட்டிப் பார்ப்போம். குரலைச் சட்சமாகக் கொண்டு அதற்கு 540 என்னும் எண்ணைத் தருவோம். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களுக்கும் இயற்கை விகிதப்படி எண்கள் பின்வருமாறு அமையும்:

குரல் (ச): 540
துத்தம் (ரி): 480
கைக்கிளை (க): 432
உழை (ம): 405
இளி (ப): 360
விளரி (த): 324
தாரம் (நி): 288
மேற்றாயிக் குரல் (ச): 270

ஓர் எண்ணிலேனும் பின்னம் வரவில்லை என்பதை நோக்குக. குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு 540க்கு 360. அஃதாவது 3க்கு 2. குரலுக்கும் கைக்கிளைக்கும் உள்ள உறவு 5க்கு 4. 540 அலகு நீளமுள்ள நரம்பைக் குரலாகக் கட்டும் யாழாசிரியன் இளிக்கு 360 அலகு நீளமுள்ள நரம்பையே கட்டுவான். இவ்வெட்டு எண்களுள் உழையையும் தாரத்தையும் நீக்கினால் மோகனம் கிடைக்கும். எண்களைச் சில்லில் எழுதும்போது ஒரு சிறு மாற்றம் வேண்டும்: 2048இலிருந்து அவற்றைக் கழித்து எழுதுக. 540க்கு 1508 என்றும், 360க்கு 1688 என்றும் வரும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் செய்நிரல்கள் மேனாட்டாரின் பன்னிரு சமபங்கீட்டு முறையைப் பின்பற்றுவன. அம்முறையில் இளி ஏறத்தாழச் சரியாகவே நிற்கும். ஆனால் கைக்கிளை இயற்கை நிலையினின்றும் சற்று உயர்ந்து, சுருதியோடு சேர்த்துக் கேட்கும்போது செவியை உறுத்தும். ஆதலின் நம் இசைக்கு வேண்டிய எண்களைச் செய்நிரலின் நுண்சுருதிக் கட்டளையால் திருத்திக் கொள்ளவேண்டும். கணினிக் கல்வி பயிலும் மாணவராயின், எண்களை நேரே சில்லில் எழுதும் சிறு செய்நிரலொன்றைத் தாமே ஆக்குதல் இன்னும் நன்று. ஒரே பெட்டியின் இரு துடிப்புக் குரல்களும் ஒரே கடிகாரத்தால் இயங்குதலின், ஒருமுறை சேர்ந்த சுருதி பின்னர்ப் பிரிவதில்லை. இது நரம்புக் கருவிக்கு இல்லாத நலம்.

கமகத்தின் நிலை

நம் இசையின் உயிர் கமகம். சில்லோ படிப்படியாகவே ஏறி இறங்கும். எனின், கமகம் அதற்கு இயலுமா? 540ஐ ஒட்டிய இடத்தில் ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்த சுரத்தானத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 எண்கள் உள. அவற்றை ஒவ்வொன்றாக விரைந்து கடந்தால் செவி படிகளை உணராது, வழுக்கலாகவே கேட்கும். இரு தாயி மேலே, 135ஐ ஒட்டிய இடத்தில், அதே இடைவெளியில் 7 அல்லது 8 எண்களே உள. அங்கே கமகம் மாடிப்படி ஏறுவதுபோல் தட்டித் தட்டிக் கேட்கும். எனவே கமகம் மிக்க இராகத்தைத் தாழ்ந்த தாயிகளில் வைத்து இயற்றுக. உயர்ந்த தாயியில் நேர்ச்சுரங்களால் ஆன நடைகளை அமைக்க. குழலூதுவோனும் வீணை மீட்டுவோனும் தத்தம் கருவியின் எல்லையறிந்தே வாசிக்கின்றனர், இவ்வெல்லையும் அத்தகையதே.

அமைக்கும் முறை

இசைக்களத்துக்கு இரண்டு கேம்போய்களும் ஒரு ரீவி கேம் பெட்டியும் போதும். மீளெழுதத்தக்க கசெற்றுக்கள், இரு கேம்போய்களையும் இணைக்கும் வடம், சிறிய ஒலிக்கலப்பி, ஒலிபெருக்கி என்பனவும் வேண்டும்.

முதற்பணி தூய்மை செய்தல். நம் ஊர்களின் உப்புக்காற்று உலோக முனைகளை அரித்துவிடும். மின்கலம் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் முனைகளைத் தேசிக்காய்ச் சாறு தோய்த்த பஞ்சினால் துடைத்தால் கசிவின் காரம் தணியும். பின்னர் ஐசோபுரொப்பைல் அற்ககோலினால் துடைத்து நன்கு உலர்த்துக. கசெற்றின் பொன்னிற முனைகளுக்கும் அற்ககோலே தக்கது. வாயால் ஊதுதல் ஈரத்தைச் சேர்த்து அரிப்பையே வளர்க்கும். கேம்போயின் புறத்திருகாணிகள் மூவிதழ்த் தலையுடையன. அதற்கேற்ற திருப்புளியன்றி வேறொன்றால் முயன்று தலையைச் சிதைத்தலாகாது.

இரண்டாவது, ஒலியை வெளிக்கொணர்தல். தொடக்கத்தில் செவிப்பன்னி செருகும் துளையிலிருந்து வடம் எடுத்தாற் போதும். தூய ஒலி வேண்டுவோர், ஒலியளவுத் திருகின் முனைகளிலிருந்து, உள்ளிருக்கும் பெருக்கிக்குச் செல்லுமுன்னரே, இடக்குரலுக்கு ஒன்றும் வலக்குரலுக்கு ஒன்றும் நிலத்தொடுப்புக்கு ஒன்றுமாக மூன்று கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டி வெளியே எடுப்பர். உட்பெருக்கியின் இரைச்சல் இதனால் நீங்கும். ரீவி கேம் பெட்டியில் மஞ்சள் முனை படத்துக்கும் வெள்ளை முனை ஒலிக்கும் உரியனவாயின், வெள்ளை முனையை ஒலிக்கலப்பியிற் செருகினாற் போதும்.

மூன்றாவது, காலம் ஒத்தல். இரு கேம்போய்களையும் வடத்தால் இணைத்து, ஒன்றைத் தலைமையாகவும் மற்றதைப் பின்செல்வதாகவும் செய்நிரலில் அமைத்தால் தாளம் பிறழாது. ரீவி கேம் பெட்டிக்குரிய இசையைக் கணினியில் இயற்றிக் கசெற்றில் ஏற்றி, அதே நடையில் தொடங்கவேண்டும்.

நான்காவது, பெட்டிகளின் சுருதி ஒத்தல். இங்கே விழிப்பு வேண்டும். பமிகொம் பெட்டியின் கடிகாரம் வேறு. அங்கே 540 என்னும் எண் செக்கனுக்கு 207 அதிர்வுகளையே தரும். கேம்போயில் 540 தரும் 242.7 அதிர்வுகளை யப்பானியப் பமிகொமிற் பெற 461ஆல் வகுக்கவேண்டும். அப்போது தோன்றும் வேறுபாடு செவிக்குப் புலனாகாது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கென ஆக்கிய போலிப் பெட்டிகளின் கடிகாரம் மேலும் சிறிது வேறுபடுதலின், கேம்போயை ஒலிக்கவிட்டுச் செவியால் ஒத்துப் பார்த்தே எண்ணைத் துணிக. போலிகள் சிலவற்றிலே துடிப்புக் குரலின் இரு வடிவங்கள் இடம் மாறியுமிருக்கும். ஒரு வடிவத்தை வேண்ட வேறொரு வடிவம் ஒலிக்குமாயின் காரணம் இதுவாகலாம்.

பணிப்பகிர்வு வருமாறு அமையலாம். முதற் கேம்போயின் துடிப்புக் குரல்கள் குரலையும் இளியையும் சுருதியாக நிறுத்த, அதன் அலைக்குரல் இராகத்தைப் பாடும். இரண்டாம் கேம்போய் பின்பாட்டும் தாளமும் ஏற்கும். ரீவி கேம் பெட்டியின் முக்கோணக் குரல் கீழ்த்தாயியைத் தாங்கும்.

ஓர் எச்சரிக்கை. மின்சார இணைப்பை நீக்கிய பின்னரே எப்பெட்டியையும் திறக்கவேண்டும். பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சியை எக்காரணம் கொண்டும் மாணவர் திறத்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள்ளே உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஈயம் உருக்கும்போது சாளரம் திறந்திருக்கட்டும். பணி முடிந்தபின் கைகழுவுக.

அழியாமற் காத்தல்

பழைய கசெற்றுக்கள் பலவற்றுள் நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் உண்டு. நாம் இயற்றிய இசை அதன் வலியினாலேயே நினைவில் நிற்கின்றது. மின்கலம் ஓய்ந்த அன்றே இசையும் மறையும், எச்சுவடும் எஞ்சாது. ஆதலின் இயற்றியவற்றைக் கணினியிலும் படி எடுத்து வைக்கவேண்டும். அதனினும் உறுதியான காப்பு, சுரத்தையும் எண்ணையும் தாளிலே எழுதி வைத்தலாம்.

யாழ் ஏன் மறைந்தது என்பதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர். ஆனால் அது மீண்டது எதனால் என்பதில் ஐயமில்லை. மரமும் நரம்பும் மக்கிப்போன பின்னும், ஒரு புலவர் அதன் இலக்கணத்தைச் செய்யுளிலே எழுதி வைத்திருந்தார். உரைகாரர் அதனை விளக்கி வைத்திருந்தனர். பல நூற்றாண்டுகளின் பின் அதனைக் கணக்கிட்டு அறியவல்ல ஒருவர் நம் கரையிலே தோன்றினார். எழுத்தில்லாதிருந்தால் கணக்குமில்லை, கணக்கில்லாதிருந்தால் கருவியுமில்லை.

விளையாட்டுப் பெட்டிகளின் நிலையும் இன்று இதுவே. பமிகொம் பெட்டியின் ஆக்கம் யப்பானில் 2003ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இருப்பவற்றை உப்புக்காற்று அரிக்கின்றது. எஞ்சியன பழைய இரும்புக் கடைக்குச் செல்கின்றன. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலே நம் கரையோர வீடுகள் இழந்த பொருள்களுக்கு அளவேயில்லை. ஆனால் இக்கருவிகள் ஒரு வகையில் ஒப்பற்றவை. இன்றைய கைத்தொலைபேசி எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை ஒரு மாணவன் முழுதும் அறிந்து முடித்தல் அரிது. இப்பழஞ்சில்லையோ ஒரு தவணைக்குள் அடிமுதல் நுனிவரை கற்று முடிக்கலாம். இசை ஆசிரியரும் கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து கற்பிக்கத்தக்க பொருள்கள் மிகச் சிலவே; இஃது அவற்றுள் ஒன்று.

ஆகவே பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லங்களில் இத்தகைய பெட்டிகள் இயங்காத நிலையிற் கிடப்பினும் எறிந்துவிடாது கல்லூரி விஞ்ஞான கூடத்துக்கு உதவுக. இயங்காத மூன்றிலிருந்து இயங்கும் ஒன்றை ஆக்குதல் மாணவர்க்குக் கூடும். மாணவர்க்கும் ஒரு சொல்: பெட்டியைத் திறக்கும் நாளிலேயே ஒரு குறிப்பேட்டையும் திறவுங்கள். எந்த முனையில் எந்தக் கம்பியை ஒட்டினீர்கள், எந்தச் சுரத்துக்கு எந்த எண்ணைக் கொடுத்தீர்கள் என்பவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள். பெட்டி ஒரு நாள் ஓய்ந்துபோம். குறிப்பேடு இருக்குமாயின் பின்வருவோர் அதனை மீண்டும் ஒலிக்கச் செய்வர்.